கேம்பிரிட்ஜ் அருகே பழைய காட்டேஜ் வீடு வாங்குவது எப்படி: வரியில் தொடங்கி முதல் குளிர்காலம் வரை

கேம்பிரிட்ஜைச் சுற்றியுள்ள கிராமங்களில் கூரை வேய்ந்த வீடு, மரச்சட்ட வீடு, விக்டோரியா காலத்து வெளிர்மஞ்சள் செங்கல் வீடு எல்லாம் விற்பனைக்கு வந்துகொண்டே இருக்கின்றன. வாங்கப் போகும் நம்மவர்கள் பெரும்பாலும் ஒரே வரிசையில்தான் போகிறார்கள்: படத்தைப் பார்ப்பது, நேரில் போய் மயங்குவது, ஆஃபர் கொடுப்பது, அதற்குப் பிறகு வரி, இன்சூரன்ஸ், அனுமதி என்று ஒவ்வொன்றாகத் தெரியவந்து தூக்கத்தைத் தொலைப்பது. அந்த வரிசையைத் திருப்பிப் போடுவதற்காகத்தான் இது.

சட்டம் பற்றிச் சொல்வதெல்லாம் இங்கிலாந்துக்கு மட்டும். ஸ்காட்லாந்தில் வீடு வாங்கும் முறையே வேறு.

1. வீடு தேடுமுன் முத்திரை வரியைக் கணக்குப் போடுங்கள்

நம்மவர்கள் அதிகம் தடுக்கி விழுவது இங்கேதான். கடைசியில் சொலிசிட்டர் (பத்திர வேலையைப் பார்க்கும் வக்கீல்) பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடுகிறார்கள். ஆனால் எவ்வளவு விலையில் வீடு தேடலாம் என்பதையே தீர்மானிப்பது இந்த வரிதான்.

2025 ஏப்ரல் 1 முதல் உள்ள விகிதம் இது: முதல் 1,25,000 பவுண்டுக்கு வரி இல்லை. அதற்கு மேல் 2,50,000 வரை 2 சதவீதம், அங்கிருந்து 9,25,000 வரை 5 சதவீதம். முதன்முறை வீடு வாங்குபவருக்கு 3,00,000 வரை வரி இல்லை, 3,00,000-க்கும் 5,00,000-க்கும் இடைப்பட்ட பகுதிக்கு 5 சதவீதம். விலை 5,00,000-ஐத் தாண்டினால் அந்தச் சலுகை முழுவதுமாகப் போய்விடும்.

இதில் ‘முதன்முறை’ என்றால் இந்த நாட்டில் முதன்முறை என்று பொருள் அல்ல, உலகத்தில் முதன்முறை. சென்னையில் உங்கள் பெயரில் ஒரு ஃபிளாட் இருந்தாலோ, அப்பா இறந்தபின் ஊர் வீட்டில் ஒரு பங்கு உங்கள் பெயருக்கு வந்திருந்தாலோ சலுகை கிடையாது. இருவர் பெயரில் வாங்கினால் இருவருமே முதன்முறையாக வாங்குபவர்களாக இருக்க வேண்டும்.

அதைவிடப் பெரிய அடி கூடுதல் வீட்டு வரி. ஏற்கெனவே உலகில் எங்கேனும் வீடு இருந்து, அதில் உங்கள் பங்கின் மதிப்பு 40,000 பவுண்டோ அதற்கு மேலோ இருந்தால், முழு விலைக்கும் கூடுதலாக 5 சதவீதம் கட்ட வேண்டிவரும். கணவன் மனைவியை இதில் ஒரே ஆளாகத்தான் பார்ப்பார்கள். வீடு மனைவி பெயரில் இருக்கிறது, நான் என் பெயரில் மட்டும் வாங்குகிறேன் என்ற வழி இங்கே செல்லாது.

4,50,000 பவுண்ட் வீட்டுக்குக் கணக்குப் பாருங்கள். முதன்முறை வாங்குபவர் கட்டுவது 7,500. ஏற்கெனவே வீடு வைத்திருந்து, இப்போது அதில் எதுவும் கையில் இல்லாதவர் கட்டுவது 12,500. ஊரில் வீட்டை வைத்துக்கொண்டே இங்கே வாடகைக்கு இருந்து வாங்குபவர் கட்டுவது 35,000. அதே வீடு, அதே விலை.

இங்கே குடியிருந்த சொந்த வீட்டை விற்றுவிட்டு அதற்குப் பதிலாக வாங்குகிறீர்கள் என்றால், ஊரில் வேறு வீடு இருந்தாலும் இந்தக் கூடுதல் 5 சதவீதம் வராது. முதலில் வாங்கிவிட்டுப் பழையதை மூன்று ஆண்டுக்குள் விற்றால் திருப்பிக் கேட்கலாம். வெறும் மனை வீடாகக் கணக்கில் வராது. அண்மையில் வாரிசாக வந்த சிறு பங்குக்குத் தனி விதி உண்டு. ஆள் இல்லாமல் இடிந்து கிடக்கும் பூர்வீக வீடு போன்ற சிக்கல் இருந்தால், விவரத்தை எழுதிக் கொடுத்து சொலிசிட்டரிடம் எழுத்திலேயே பதில் வாங்குங்கள். தேடலைத் தொடங்குவது அதன் பிறகு.

2. பணம் வந்த வழியைக் காகிதத்தில் காட்டத் தயாராகுங்கள்

டெபாசிட் பணம் எங்கிருந்து வந்தது என்று சொலிசிட்டர் கேட்பார், கடன் கொடுப்பவரும் கேட்பார். பணமோசடித் தடுப்புச் சட்டப்படி அவர்கள் கேட்டே ஆக வேண்டும். சந்தேகப்படுகிறார்களே என்று கோபித்துக்கொள்வதில் பயனில்லை.

சம்பளச் சேமிப்புக்கு வங்கிக் கணக்கு அறிக்கை போதும். சீட்டுக் காசுதான் சிக்கல். லண்டனில் சீட்டுப் பிடித்து எடுத்த இருபதாயிரம் உங்கள் கணக்கில் பத்துப் பேரிடமிருந்து பிரிந்து பிரிந்து வந்து விழுந்திருந்தால், அதை விளக்க எந்தக் காகிதமும் இருக்காது. வீடு வாங்கும் எண்ணம் இருந்தால் சீட்டை முன்கூட்டியே முடித்துவிடுங்கள். மாதாமாதம் நீங்கள் கட்டியது வங்கி வழியாகப் போயிருப்பதும் முக்கியம்.

பெற்றோர் கொடுக்கும் பணத்துக்கு, இது அன்பளிப்பு, திருப்பித் தர வேண்டியதில்லை, வீட்டில் எங்களுக்குப் பங்கு இல்லை என்று அவர்கள் கையெழுத்திட்ட கடிதம் வேண்டும். அவர்களுடைய அடையாளச் சான்றும் வங்கி அறிக்கையும் கேட்பார்கள். இந்தியாவில் வசிக்கும் ஒருவர் தாராளமயப் பணமனுப்பும் திட்டத்தில் ஒரு நிதியாண்டில் 2,50,000 அமெரிக்க டாலர் வரை அனுப்பலாம். ஊரில் நிலம் விற்ற பணம் என்றால் கிரயப் பத்திரமும், அது தமிழில் இருந்தால் சான்றளித்த மொழிபெயர்ப்பும் தேவைப்படலாம். இதற்கே சில வாரம் போய்விடும். அதனால்தான் இதை இரண்டாவது படியாக வைக்கிறேன்.

3. விளம்பரம் பிடித்ததா? நேரில் போகுமுன் திரையில் விசாரியுங்கள்

ஏஜென்ட்டின் படங்களில் அடுப்புக்கல்லும் ரோஜாக்கொடியும்தான் இருக்கும். கீழே உள்ளவற்றை வீட்டிலிருந்தே, ஒரு மாலைக்குள், பெரும்பாலும் இலவசமாகப் பார்த்துவிடலாம்.

முதலில் பார்க்க வேண்டியது, அது பாதுகாக்கப்பட்ட பட்டியலில் உள்ள கட்டடமா என்பது. ஹிஸ்டாரிக் இங்கிலாந்து அமைப்பின் தேசியப் பட்டியலில் முகவரி கொடுத்துத் தேடலாம். 1700-க்கு முன் கட்டிப் பெருமளவு பழையபடியே நிற்பவை எல்லாமும், 1700 முதல் 1850 வரையானவற்றில் பெரும்பாலானவையும் பட்டியலில் இருக்கும். தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் கிரேடு 2 வகைதான். கிரேடு 2 என்றால் வெளித்தோற்றத்துக்கு மட்டும் கட்டுப்பாடு என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. உள்ளே இருக்கும் படிக்கட்டு, கதவு, அடுப்பு, உத்தரம் எல்லாமே சேர்த்திதான். 1948 ஜூலை 1-க்கு முன்பிருந்தே வளவுக்குள் இருக்கும் கொட்டகையும் சுற்றுச்சுவரும் பெரும்பாலும் அதில் அடங்கும்.

பட்டியல் பதிவை முழுக்கப் படியுங்கள். ‘பின்பக்கம் மரச்சட்டம், சுண்ணாம்புப் பூச்சு, நீள்வைக்கோல் கூரை’ என்பது போல நாலு வரி இருக்கும். அந்த நாலு வரியையும் ஏஜென்ட்டின் படங்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பதிவில் மரச்சன்னல், படத்தில் பிளாஸ்டிக் சன்னல் என்றால் ஒரு கேள்வி கிடைத்துவிட்டது.

அடுத்து கவுன்சிலின் திட்ட அனுமதிப் பதிவேடு. கேம்பிரிட்ஜ் நகரத்துக்கும் சவுத் கேம்பிரிட்ஜ்ஷயருக்கும் சேர்த்து ஒரே திட்டத்துறைதான், பதிவேடு இணையத்தில் இருக்கிறது. சமையலறையைப் பின்னால் நீட்டியிருக்கிறார்கள், அதற்கு அனுமதி விண்ணப்பமே பதிவில் இல்லை என்றால் குறித்துக்கொள்ளுங்கள். மறுத்த விண்ணப்பங்களையும் படியுங்கள். பரணை அறையாக்க மூன்று பேர் கேட்டு மூன்று தடவையும் மறுத்திருந்தால் நான்காவதாக நீங்கள் கேட்டு என்ன ஆகப்போகிறது? பாரம்பரியத்துக்காகப் பாதுகாக்கும் பகுதிக்குள் (கன்சர்வேஷன் ஏரியா) இருக்கிறதா என்பதும் இங்கேயே தெரியும். இருந்தால் மரம் வெட்டக்கூட ஆறு வாரம் முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும்.

வெள்ள அபாயத்தை அரசின் நீண்டகால வெள்ள அபாயத் தளத்தில் பாருங்கள். ஆற்றை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள், நிலத்தின் மேல் ஓடும் மழைநீர் தனியாகக் காட்டப்படும். கிராண்டா, ரீ ஆற்றோரக் கிராமங்களிலும், வடக்கே ஃபென் தாழ்நிலத்தை ஒட்டிய ஊர்களிலும் இது முக்கியம்.

எரிசக்திச் சான்றிதழும் இணையத்தில் உண்டு. மதிப்பெண் ‘ஈ’ என்றோ ‘எஃப்’ என்றோ இருப்பதைப் பார்த்து மிரள வேண்டாம், பழைய வீட்டில் அது சகஜம். அதில் சூடேற்றுவது எதனால் என்று எழுதியிருப்பதைத்தான் பார்க்க வேண்டும். குழாய் எரிவாயு இல்லாத கிராமங்கள் நிறைய. எண்ணெய் என்றால் தோட்டத்தில் தொட்டி இருக்கும், லாரி வந்து ஊற்றும், நூற்றுக்கணக்கான லிட்டருக்கு ஒரே தடவையில் பணம் கொடுக்க வேண்டும்.

4. ஆஃபருக்கு முன் இன்சூரன்ஸ், கடன் இரண்டையும் கேட்டுவிடுங்கள்

கூரை வேய்ந்த வீட்டுக்கு எல்லா இன்சூரன்ஸ் நிறுவனமும் பாலிசி தராது. தருபவர்களும் நிபந்தனை போடுவார்கள்: புகைபோக்கி சுத்தம் செய்த சான்று, மின்வயரிங் பரிசோதனை அறிக்கை, தோட்டத்தில் குப்பை எரிக்கும் தூரம், விறகு அடுப்பு இருந்தால் அதன் விவரம். ஆஃபர் கொடுத்தபின் இதைத் தேடத் தொடங்கினால் கிடைத்த விலைக்குத் தலையாட்ட வேண்டியதுதான்.

காப்பீட்டுத் தொகை வீட்டின் சந்தை விலை அல்ல, இடிந்தால் அதேபோலத் திருப்பிக் கட்டும் செலவு. பட்டியல் கட்டடத்தில் இது வாங்கிய விலையையே தாண்டலாம். குறைத்துச் சொன்னால் இழப்பீடும் குறையும்.

வெள்ளப் பகுதியில் உள்ள வீட்டுக்கு ஒரு நல்ல செய்தி. 2009 ஜனவரி 1-க்கு முன் கட்டிய வீடுகளுக்கு, வெள்ளக் காப்பீடு கட்டுப்படியாகும் விலையில் கிடைக்க உதவும் ‘ஃபிளட் ரீ’ ஏற்பாடு உண்டு. பழைய வீடு அதில் வந்துவிடும். அந்த ஏற்பாடு 2039-இல் முடிகிறது.

கடன் விஷயத்தில் புரோக்கரிடம் சொல்ல வேண்டியது வீட்டின் கட்டுமானம். ‘பழைய காட்டேஜ்’ என்று சொன்னால் போதாது. செங்கல்லா, மரச்சட்டமா, சுடாத களிமண் கட்டியா, கூரை ஓடா வேய்ந்ததா என்று சொல்லுங்கள். தென் கேம்பிரிட்ஜ்ஷயரில் களிமண்ணும் வைக்கோலும் கலந்த சுடாத கட்டியில் எழுப்பிய சுவர்கள் இன்றும் நிற்கின்றன. சில வங்கிகள் அதைத் தொடவே மாட்டா.

5. முதல் முறை பார்க்கும்போது வெளியிலிருந்து தொடங்குங்கள்

உள்ளே நுழைந்துவிட்டால் அடுப்பங்கரையும் சன்னல் திண்ணையும் உங்களைப் பிடித்துக்கொள்ளும், அதன்பின் கண் வேலை செய்யாது. ஆகவே ஏஜென்ட் வருவதற்கு இருபது நிமிடம் முன்பே போய் வெளியே சுற்றுங்கள். மழை நாளாக இருந்தால் நல்லது.

பழைய வீட்டின் சுவர் ஒற்றைச் சுவர். இப்போதைய வீடுகளைப் போல நடுவே காற்றிடைவெளி கிடையாது. சுவருக்குள் ஈரம் வரும், சுண்ணாம்பு வழியாக வெளியே போகும். அப்படித்தான் அது நூறு இருநூறு வருடம் நின்றது. ஊரில் சுண்ணாம்புக் காரை வீட்டுக்கு மேலே சிமெண்ட் பூசி, ஓரிரண்டு மழைக்காலத்தில் பூச்சு உப்பிக்கொண்டு விழுவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. இங்கும் அதே கதைதான்: வீட்டின் வயதைவிட, கடந்த அறுபது எழுபது ஆண்டில் யாரோ நல்லெண்ணத்தில் செய்த பழுதுபார்ப்புதான் அதிகம் கெடுத்திருக்கிறது.

எனவே தேட வேண்டியது சிமெண்ட். செங்கல் இடுக்கைப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் கெட்டியாக, செங்கல்லைவிட வெளியே துருத்திக்கொண்டு இருந்தால் சிமெண்ட். வெளிர்நிறத்தில், சாவியால் சுரண்டினால் மணலாக உதிர்ந்தால் சுண்ணாம்பு. சிமெண்ட் இடுக்கு உள்ள இடத்தில் செங்கல்லின் முகம் பெயர்ந்து விழுந்திருக்கும், இடுக்கு மட்டும் கூடு மாதிரி நிற்கும். ஈரம் இடுக்கு வழியாகப் போக முடியாமல் செங்கல் வழியாகப் போய், பனியில் உறைந்து, செங்கல்லை உடைத்திருக்கிறது. களிமண் கட்டிச் சுவரில் இது இன்னும் ஆபத்து. சிமெண்ட் பூச்சுக்குப் பின்னால் களிமண் ஊறிக் குழைந்துவிட்டால் சுவரே உட்கார்ந்துவிடும்.

அடுத்து நிலமட்டம். தோட்டத்து மண்ணோ, கார் நிறுத்தும் தளமோ உள்தரையைவிட உயரமாக இருக்கிறதா? காலங்காலமாகக் கல் கொட்டிக் கொட்டி வெளி மட்டம் உயர்ந்திருக்கும். சுவர் அடியில் ஈரம் என்றால் பாதி நேரம் காரணம் இதுதான். மண்வெட்டியால் தீரும் பிரச்சினைக்கு, ஆயிரக்கணக்கில் செலவழித்துச் சுவருக்குள் ஈரத்தடுப்பு ரசாயனம் ஏற்றும் ‘மருந்து ஊசி’ போடச் சொல்லும் ஆட்கள் இருக்கிறார்கள்.

மழைத்தண்ணீர்ப் பீலியைப் பாருங்கள். எந்த இணைப்பில் சொட்டுகிறது, அதற்கு நேர் கீழே சுவரில் பச்சை படிந்திருக்கிறதா? பீலியே இல்லாத கூரை வேய்ந்த வீட்டில், இறவாரம் சுவரைவிட்டு எவ்வளவு வெளியே நீட்டியிருக்கிறது, தண்ணீர் எங்கே விழுந்து எங்கே தெறிக்கிறது என்று பாருங்கள்.

கூரையின் முகடுதான் முதலில் தேயும். நல்ல நிலையில் உள்ள கூரைக்கும் முகட்டைப் பத்துப் பதினைந்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். கடைசியாக எப்போது, யார் செய்தார், ரசீது உண்டா என்று கேளுங்கள். கூரையில் குச்சிக் கட்டுகள் வெளியே தெரிந்தால் வைக்கோல் தேய்ந்து மெலிந்துவிட்டது என்று பொருள்.

இப்போது உள்ளே போகலாம். முதலில் மூக்கு. எல்லா அறையிலும் வாசனை மெழுகுவர்த்தி எரிந்தால் சன்னலோர அலமாரிக்குள் தலையை விட்டு மோந்து பாருங்கள். சுவரடிப் பலகையைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். நல்ல மரம் திருப்பித் தள்ளும், இற்றுப்போன மரம் உள்ளே அமுங்கும். வெளிச்சுவரை ஒட்டிய சோபாவுக்குப் பின்னால் பாருங்கள். புதிதாக ஒரே ஒரு சுவருக்கு மட்டும் பெயின்ட் அடித்திருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

தரை சாய்வதும் கதவு நிலை கோணலாக இருப்பதும் பெரும்பாலும் என்றோ நடந்து நின்றுபோன அசைவு. பயப்பட வேண்டியது புதிய விரிசல்: ஓரம் கூர்மையாக, உள்ளே தூசி இல்லாமல், பெயின்ட்டையும் கிழித்துக்கொண்டு போவது. களிமண் நிலத்தில் பெரிய மரம் பக்கத்தில் இருந்தால் இதைக் கட்டாயம் குறித்துக்கொள்ளுங்கள்.

6. இரண்டாவது முறை, பெரியவர்களையும் அழைத்துப் போங்கள்

முதல்முறை வீட்டைப் பார்த்தீர்கள், இந்த முறை வீட்டில் வாழ்ந்து பாருங்கள். காட்டேஜ் படிக்கட்டு செங்குத்தாக, திரும்பித் திரும்பி, பிடிமானம் இல்லாமல் இருக்கும். ஆறு மாத விசாவில் வரும் அம்மா ராத்திரியில் அதில் இறங்கிக் குளியலறைக்கு வர முடியுமா? பல காட்டேஜ்களில் குளியலறை கீழே சமையலறைக்குப் பின்னால்தான் இருக்கும். “குனிஞ்சு வாங்க மாமா” என்று ஒவ்வொரு வாசலிலும் சொல்ல வேண்டியிருந்தால், அந்த உத்தரத்தை உயர்த்த முடியாது என்பதை நினைவில் வையுங்கள். பட்டியல் கட்டடத்தில் படிக்கட்டை மாற்றவும் எளிதில் அனுமதி கிடைக்காது.

சமையலறையில் எக்ஸாஸ்ட் ஃபேன் இருக்கிறதா, அதன் குழாய் உண்மையிலேயே வெளியே போகிறதா என்று பாருங்கள். காற்றை வடிகட்டி அறைக்குள்ளேயே திருப்பி விடும் வகைதான் பழைய வீடுகளில் அதிகம். தினமும் சோறு வடித்து, இட்லி அவித்து, தாளிக்கும் வீட்டுக்கு அது போதாது. குளிர்ந்த ஒற்றைச் சுவரில் அந்த ஆவி படிந்து பூசணம் பிடிக்கும். வெளிச்சுவரில் துளை போட, பட்டியல் கட்டடமாக இருந்தால், அனுமதி தேவைப்படலாம்.

இந்தப் பயணத்தை வேலை நாள் காலையில் வையுங்கள். ஃபாக்ஸ்டன் ரயில்வே கேட்டில் ஏ10 சாலை நிற்பதை ஞாயிற்றுக்கிழமை பார்க்க முடியாது. ஃபாக்ஸ்டன், ஷெப்ரெத், மெல்ட்ரெத் நிலையங்களிலிருந்து கிங்ஸ் கிராஸுக்கும், கிரேட் ஷெல்ஃபோர்ட், விட்டில்ஸ்ஃபோர்டிலிருந்து லிவர்பூல் ஸ்ட்ரீட்டுக்கும் ரயில் உண்டு. பக்கத்துப் பக்கத்து ஊர்தான், ஆனால் லண்டனில் இறங்கும் இடம் வேறு. அலுவலகம் எங்கே என்பதைப் பொறுத்து இது பெரிய வித்தியாசம்.

7. ஆஃபரை எழுத்தில் கொடுங்கள்

தொலைபேசியில் சொன்னாலும் பின்னாலேயே மின்னஞ்சல் அனுப்புங்கள். ‘சர்வேக்கும் ஒப்பந்தத்துக்கும் உட்பட்டது’ என்று எழுதுங்கள், வீட்டை விற்பனைப் பட்டியலிலிருந்து எடுக்கும்படி கேளுங்கள். ஒப்பந்தம் கைமாறும் நாள்வரை இரு தரப்பையும் எதுவும் கட்டுப்படுத்தாது. விற்பவர் வேறொருவரிடம் கூடுதல் விலை வாங்கிக்கொண்டு போகலாம், நீங்களும் விலகலாம்.

8. சர்வே: மூன்றாம் நிலைதான், வேறெதுவும் வேண்டாம்

வங்கி அனுப்பும் மதிப்பீட்டாளர் வீட்டைப் பார்ப்பது வங்கிக்காக. அவர் வந்துவிட்டுப் போனார், ஒன்றும் சொல்லவில்லை, ஆகவே வீடு நன்றாக இருக்கிறது என்று நினைப்பது அடிக்கடி காணும் தவறு.

சர்வேயர்களின் தொழில் அமைப்பான ஆர்.ஐ.சி.எஸ். வகுத்த சர்வேயில் மூன்று நிலை உண்டு. பழைய வீட்டுக்கு மூன்றாம் நிலைதான் பொருந்தும். ஆயிரம் பவுண்டைத் தாண்டலாம், அதில் மிச்சம் பிடிக்காதீர்கள். ஏஜென்ட் பரிந்துரைக்கும் ஆளை விட, பழைய கட்டடங்களே வேலையாக உள்ள ஒருவரை நீங்களே தேடுங்கள். பேசும்போது ஒரு கேள்வி கேட்டால் போதும்: “சுவரில் ஈரம் இருந்தால் என்ன பரிந்துரைப்பீர்கள்?” உடனே மருந்து ஊசி என்று சொல்பவர் வேண்டாம். எங்கிருந்து தண்ணீர் வருகிறது என்று முதலில் பார்ப்பேன் என்று சொல்பவர் வேண்டும்.

ஈரமானி பற்றியும் ஒரு வார்த்தை. ஊசி குத்திப் பார்க்கும் அந்தச் சிறு கருவி மரத்துக்கென்று அளவிடப்பட்டது. பழைய பூச்சில் உப்பு இருந்தாலே அது கத்தும். ‘இலவச ஈரப் பரிசோதனை’ என்று வருபவர் அதைக் காட்டிவிட்டு, தன்னுடைய மருந்துக்கே விலைப்புள்ளி எழுதிக் கொடுப்பார்.

அறிக்கை வந்ததும் சிவப்பு அடையாளங்களை எண்ணாதீர்கள். பழைய வீட்டில் சிவப்பு இருக்கத்தான் செய்யும். சர்வேயரைத் தொலைபேசியில் கூப்பிட்டு மூன்று விஷயம் கேளுங்கள்: இந்தக் குளிர்காலத்துக்குள் செய்ய வேண்டியது எது, ஐந்து ஆண்டு பொறுக்கலாம் என்பது எது, தொடாமலே விடலாம் என்பது எது. எழுத்தில் சொல்லத் தயங்குவதை வாயால் சொல்வார்கள். அதன்பின் முதல் வகைக்கு மட்டும் உரிய தொழிலாளியிடம் விலைப்புள்ளி வாங்கி, விலையைக் குறைக்கக் கேளுங்கள். பட்டியல் கட்டட வேலைக்கு வாட் வரியில் இருந்த சலுகையும் 2012 அக்டோபரில் போய்விட்டது. 20 சதவீதத்தைச் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

9. சொலிசிட்டரிடம் நீங்களே கேட்க வேண்டியவை

சொலிசிட்டர் வீட்டை நேரில் பார்க்க மாட்டார். அவருக்குத் தெரிவது காகிதம், உங்களுக்குத் தெரிவது வீடு. இரண்டையும் நீங்கள்தான் சேர்க்க வேண்டும். ஏஜென்ட்டின் தரைப்படத்தில், பின்னாளில் மாற்றியது போலத் தோன்றும் எல்லாவற்றையும் வட்டமிட்டு அவருக்கு அனுப்புங்கள்.

மிக முக்கியமானது அனுமதியில்லா மாற்றம். பட்டியல் கட்டடத்தில் அனுமதி இல்லாமல் வேலை செய்வது குற்றம். வரம்பில்லா அபராதமும் இரண்டு ஆண்டு வரை சிறையும் விதிக்கலாம். அந்தக் குற்றம் வேலையைச் செய்தவரோடு. ஆனால் பழையபடி மாற்று என்று கவுன்சில் அனுப்பும் நோட்டீஸ் இப்போதைய உரிமையாளருக்குத்தான் வரும், அதற்குக் கால வரம்பே இல்லை. 1985-இல் யாரோ பிடுங்கிய அடுப்புக்கு 2030-இல் நீங்கள் பதில் சொல்ல நேரலாம்.

இதற்கு இழப்புக் காப்பு பாலிசி எடுத்துத் தருகிறோம் என்பார்கள். அந்தத் தாள் பணத்தை ஓரளவு ஈடுகட்டலாம், வேலையைச் சட்டப்படி சரியாக்காது. ஒரு எச்சரிக்கையும் உண்டு: நீங்கள் ஆர்வத்தில் கவுன்சிலுக்குத் தொலைபேசி செய்து இந்த வீட்டைப் பற்றி விசாரித்துவிட்டால், பிறகு அந்த பாலிசி பெரும்பாலும் கிடைக்காது. முதலில் சொலிசிட்டர், பிறகு கவுன்சில். பெரிய மாற்றமாக இருந்தால், பின்தேதி அனுமதி போன்ற எதுவும் பட்டியல் கட்டடச் சட்டத்தில் நடந்ததை மறைக்காது. விலகுவதே மேல்.

கழிவுநீர் எங்கே போகிறது? செப்டிக் டேங்க் என்றால், அதிலிருந்து வரும் நீர் ஓடையிலோ வாய்க்காலிலோ நேராக விழக்கூடாது என்பது 2020 ஜனவரி முதல் கண்டிப்பான விதி. விழுகிறது என்றால் மாற்றும் செலவு யாருடையது என்று ஒப்பந்தத்துக்கு முன்பே முடிவாக வேண்டும். பக்கத்து வீட்டோடு பகிர்ந்த தொட்டி என்றால், சுத்தம் செய்யும் செலவை யார் எப்படிப் பிரிப்பது என்று எழுத்து இருக்கிறதா?

வரிசை வீடாக இருந்தால் உங்கள் படுக்கையறை பக்கத்து வீட்டுச் சந்துக்கு மேலே நீட்டியிருக்கிறதா என்று பாருங்கள். அப்படிப்பட்ட இடத்துக்குச் சில வங்கிகள் கடன் தராது. தோட்டத்தின் வழியே பொதுப் பாதையோ, பக்கத்து வீட்டார் குப்பைத்தொட்டி இழுத்துப்போகும் உரிமையோ உண்டா என்பதும் பத்திரத்தில் இருக்கும். வீட்டைப் பற்றிய விவரங்களை விற்பவர் நிரப்பித் தரும் டி.ஏ.6 படிவத்தை சொலிசிட்டர் அனுப்பும்போது வரிக்கு வரி படியுங்கள். ‘தெரியாது’ என்று எழுதிய இடங்களுக்குக் கீழே கோடு போடுங்கள்.

10. ஒப்பந்தம் கைமாறும் நாள்

வழக்கமாகப் பத்து சதவீதம் டெபாசிட் அன்று போகும், இனி விலகினால் அது போயிற்று. வழக்கமான ஒப்பந்தத்தில் அந்த நிமிடம் முதலே வீட்டுக்கு வரும் ஆபத்து உங்கள் தலையில். சாவி கிடைக்க இன்னும் இரண்டு வாரம் இருந்தாலும், இடையில் கூரை எரிந்தால் நீங்கள்தான் வாங்கியாக வேண்டும். ஆகவே நான்காம் படியில் பேசிவைத்த இன்சூரன்ஸை அன்று காலையே தொடங்குங்கள். முத்திரை வரிப் படிவத்தையும் பணத்தையும் கொடுக்க, வீடு கைக்கு வந்த நாளிலிருந்து 14 நாள்தான்.

11. முதல் ஆண்டு: குறைவாகச் செய்யுங்கள்

பால் காய்ச்சிய மறுவாரமே சுவருக்குப் பளபளப்பு பெயின்ட் அடிக்க ஆள் கூப்பிடாதீர்கள். பிளாஸ்டிக் கலந்த பெயின்ட் சிமெண்ட் செய்யும் வேலையைத்தான் செய்யும். பீலி, நிலமட்டம், புகைபோக்கி, வயரிங் இந்த நான்கையும் சரிசெய்துவிட்டு நான்கு பருவமும் வீட்டைக் கவனியுங்கள். அக்டோபரில் ஈரமான சுவர் மே மாதம் தானாகக் காய்ந்தால் அதற்குச் செலவு தேவையில்லை.

குளிர்காலத்தில் காலை ஒரு மணி நேரம், மாலை ஒரு மணி நேரம் என்று கொதிக்கவிட்டு அணைப்பதைவிட, குறைந்த சூட்டில் நீண்ட நேரம் வைப்பது ஒற்றைச் சுவருக்கு ஏற்றது. துணியை அறைக்குள் ரேடியேட்டர் மேல் காயப்போடாதீர்கள். சமைக்கும்போது சமையலறைக் கதவை மூடி, சன்னலை விரலளவு திறந்து வையுங்கள்.

பெரிய வேலை யோசித்தால் கவுன்சிலின் பாரம்பரியக் கட்டட அலுவலரிடம் முன்னாலோசனை கேளுங்கள். கட்டணம் இருக்கலாம், ஆனால் வரைபடக்காரருக்குக் கொடுத்து வீணாவதைவிடக் குறைவு. வைக்கோல் கூரையை நாணலாக மாற்றுவதுகூட அனுமதி தேவைப்படும் மாற்றமாகலாம்.

கூரையில் கைவைக்குமுன் பரணில் டார்ச் அடித்துப் பாருங்கள். எலிப் புழுக்கை போல இருந்து, விரலில் எடுத்தால் பொடியாக உதிர்ந்தால் அது வௌவால் எச்சம். வௌவால் தங்கும் இடத்தைக் கலைப்பது குற்றம், அது அங்கே இல்லாத மாதங்களிலும்கூட. தகுதியுள்ள சூழலியலாளர் பார்த்த பிறகே வேலையைத் தொடங்க முடியும், அந்த ஆய்வைக் கோடை மாதங்களில்தான் முழுமையாகச் செய்வார்கள். வரும் ஆண்டு கூரை வேலை என்றால் அவரை வசந்தத்திலேயே பதிவுசெய்யுங்கள்.